கமடோர் 64: லைட் எரியுது, திரையில ஒண்ணும் வரல – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் கிடந்த கமடோர் 64 ஒன்றை இறக்கித் தூசி தட்டிச் செருகிப் பார்த்தவர்கள் எனக்குச் சொல்லும் முதல் வாக்கியம் தலைப்பில் இருக்கிறது. 1982-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து, கமடோர் நிறுவனம் 1994-இல் திவாலாகும்வரை ஓடிய கம்ப்யூட்டர் இது. எண்பதுகளில் வெளிநாட்டிலிருந்து யாராவது மாமா, சித்தப்பா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருப்பார்கள். இப்போது திறந்தால் கறுப்புத் திரை. ஒரே பதிலைப் போனில் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய்தான் இதை எழுதினேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

1. நல்லா இருந்தா திரையில என்னதான் தெரியணும்?

சுற்றிலும் வெளிர்நீல விளிம்பு, உள்ளே அடர்நீலம், மேலே கமடோர் 64 பேசிக் வி2 என்ற வரி. அதன் கீழே 64கே ராம், 38911 பைட் மீதி என்று ஒரு வரி, பிறகு ரெடி, அதற்கடியில் மினுக்கும் சதுரம். சுவிட்சைப் போட்டு இரண்டு மூன்று நொடி கறுப்பாக இருந்துவிட்டுத்தான் இது வரும். அதற்குள் பதறி அணைத்துவிட்டு, “வரல” என்று சொன்னவர்களும் உண்டு.

“ஒண்ணும் வரல” என்பதில் மூன்று விதம் இருக்கிறது. டிவியே சிக்னல் இல்லை என்கிறதா? சிக்னலைப் பிடித்துக்கொண்டு, படம் மட்டும் அசையாமல் கறுப்பாக நிற்கிறதா? நிறங்கள் வந்து எழுத்து மட்டும் வரவில்லையா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு. உங்களுடையது எது என்று ஒரு தாளில் எழுதிவிட்டு மேலே படியுங்கள்.

2. டிவி “நோ சிக்னல்”னு சொல்லுது. மெஷின் செத்துப்போச்சா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம், முதலில் டிவியைச் சந்தேகப்படுங்கள். கமடோர் தரும் படம் பழைய குழாய் டிவிக்காகச் செய்தது. இன்றைய எல்சிடி டிவிகளில் சில அந்தச் சிக்னலை ஏற்றுக்கொள்வதே இல்லை. ஆன்டெனா கம்பி வழியாக இணைத்திருந்தால் அதை விட்டுவிட்டு, பின்புறத்து வட்ட வீடியோ சாக்கெட்டிலிருந்து காம்போசிட் கேபிள் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டில் பழைய குழாய் டிவி இருந்தால் இன்னும் நல்லது.

டிவியே இல்லாமல் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கமடோரின் கேசட் பிளேயர் உங்களிடம் இருந்தால் அதை மாட்டி, சுவிட்சைப் போட்டு ஐந்து நொடி கழித்துப் பிளே பொத்தானை அழுத்துங்கள். மோட்டார் சுற்றி, ஸ்டாப் அழுத்தியதும் நின்றால் உள்ளே மூளை வேலை செய்கிறது. அந்த மோட்டாருக்கு உத்தரவு கொடுப்பது கம்ப்யூட்டரில் ஓடும் நிரல்தான். அதாவது ப்ராசசர், ராம், ராம் எல்லாம் எழுந்து ரெடி வரை வந்துவிட்டன, படம் மட்டும் வெளியே வரவில்லை. முதல் ராம் நினைவகம், இரண்டாவது ராம் நிரல் எரித்த சிப். தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுத வேண்டியிருப்பதால், இனி இரண்டாவதை ‘நிரல் சிப்’ என்றே சொல்கிறேன்.

3. லைட் எரியுதே, அப்ப பவர் சரியாத்தானே இருக்கு?

பாதி சரி. இந்த அடாப்டர் ஒரே பிளக்கில் இரண்டு மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. சிவப்பு விளக்கு எரிவது 5 வோல்ட்டில். 9 வோல்ட் போனாலும் அது பாட்டுக்கு எரியும்.

அந்த 9 வோல்ட் ஏசி, போர்டில் உள்ள 1.5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் போகிறது. பழைய நீளமான போர்டுகளில் அதிலிருந்துதான் 12 வோல்ட்டும், படம் போடும் சிப்புக்கும், சிப்புகளுக்குத் தாளம் கொடுக்கும் கடிகாரச் சுற்றுக்கும் தேவையான தனி 5 வோல்ட்டும் உருவாகின்றன. ஃபியூஸ் போனால் விளக்கு ஜம்மென்று எரியும், திரையில் உயிரே இருக்காது. சில ரூபாய் கண்ணாடி ஃபியூஸுக்காகச் சிப்புகளை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாதீர்கள். கழற்றி, மல்ட்டிமீட்டரில் பீப் வருகிறதா என்று பாருங்கள்.

4. கூடவே வந்த பழைய அடாப்டரையே போடலாமா? ஒரிஜினல் ஆச்சே.

போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அந்தக் கனமான அடாப்டருக்குள் 5 வோல்ட் ரெகுலேட்டரைச் சேர்த்து எபாக்சி ஊற்றி மூடியிருக்கிறார்கள். சூடு வெளியே போக வழியில்லை. வயதான பிறகு அது சாகும்போது மின்சாரம் நின்றுபோகும் என்று நினைப்போம், நடப்பது தலைகீழ். கட்டுப்பாடு விட்டுப்போய் 5 என்பது 6, 7 என்று ஏறுகிறது. முதல் பலி ராம் சிப்புகள். மாமா கடைசியாக அணைத்தபோது நன்றாக ஓடிய மெஷின், நீங்கள் ஆசையாகச் செருகிய அந்த ஒரு நிமிடத்தில் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

அளந்தே தீருவேன் என்பவர்களுக்கு: அடாப்டரைக் கம்ப்யூட்டரில் மாட்டாமல், பிளக்கின் ஊசிகளில் அளக்க வேண்டும். ஏழு ஊசிகள் லாடம் மாதிரி வளைந்திருக்கும். இரு முனைகளிலும் உள்ளவற்றுக்கு இடையே 9 வோல்ட் ஏசி, சுமை இல்லாதபோது கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். நட்டநடு ஊசி கிரவுண்ட், அதை ஒட்டிய இரண்டில் ஒன்றில் 5 வோல்ட். 5.25-ஐத் தாண்டினால் தூக்கிப் போடுங்கள். சரியாகக் காட்டினாலும் நான் நம்ப மாட்டேன். ஆறிய அடாப்டர் 5.1 காட்டிவிட்டு, சூடான பிறகு ஏறும். புதிதாகச் செய்து விற்கிறார்கள், வாங்குங்கள்.

5. எங்க சித்தப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. அப்படியே நம்ம பிளக்கில செருகலாமா?

அடாப்டரின் அடியில் 120 வோல்ட் என்றிருந்தால் கூடாது, நம் வீட்டில் வருவது 230. கம்ப்யூட்டருக்குக் கவலை இல்லை. அதற்கு வேண்டியது அதே 5-உம் 9-உம்தான், 230-க்கான புது அடாப்டரே போதும். அமெரிக்க மெஷினின் படம் என்டிஎஸ்சி என்ற அந்த ஊர் டிவி முறையில் வரும். நம் ஊர் பழைய டிவி, பால் (PAL) என்ற நம் ஊர் முறை மட்டும் தெரிந்ததாக இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரலாம், உருளலாம். அது பழுது இல்லை.

6. கழற்றிட்டேன். எந்த போர்டுன்னு எப்படித் தெரியும்?

அடியில் மூன்று திருகு. மேல் மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள், கீபோர்டு கேபிளும் விளக்கின் கேபிளும் இழுபடும். போர்டின் மேல் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 326298, 250407, 250425 என்றால் நீளமான பழைய போர்டு, எட்டு ராம் சிப்புகள் இருக்கும். 250466-உம் நீளம்தான், ஆனால் ராம் இரண்டே சிப். 250469 என்றால் குட்டி போர்டு. அதில் பல சிப்புகளின் வேலையை 64 கால் கொண்ட ஒரே சிப் செய்கிறது.

கீழே நான் சொல்வதெல்லாம் எட்டு ராம் கொண்ட நீளமான போர்டை மனதில் வைத்து. ஒவ்வொரு சிப்பின் பக்கத்திலும் யூ7, யூ17 என்று பெயர் அச்சிட்டிருக்கும். அவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

7. என்கிட்ட மல்ட்டிமீட்டர் மட்டும்தான் இருக்கு. எங்கெங்க வைக்கணும்?

பாதி வேலைக்கு அதுவே போதும். ப்ராசசர் 6510, அதாவது யூ7: 6-ஆம் காலுக்கும் 21-ஆம் காலுக்கும் இடையே 5 வோல்ட். இது அடாப்டரிலிருந்து நேராக வரும் 5. படம் போடும் விக் சிப், யூ19: 20-ஆம் கால் கிரவுண்ட், 40-ஆம் காலில் 5, 13-ஆம் காலில் 12. விக்கில் இரண்டும் இல்லையென்றால் 3-ஆம் கேள்வியின் ஃபியூஸுக்குப் போங்கள். ஒன்று மட்டும் இல்லையென்றால் 7805 அல்லது 7812 ரெகுலேட்டர். இரண்டும் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை.

ராமில் எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சாதாரண 16 கால் லாஜிக் ஐசியில் 16-ஆம் காலில் 5 வோல்ட், 8-ஆம் காலில் கிரவுண்ட். 4164 ராமில் அப்படியே திருப்பம்: 8-இல் 5 வோல்ட், 16 கிரவுண்ட். மைனஸ் 5 காட்டுகிறதே என்று இரவு பதினொரு மணிக்குப் போன் செய்யாதீர்கள்.

இன்னொன்று: கூர் நுனி வழுக்கினால் 12 வோல்ட் பக்கத்துக் காலுக்குப் போய்விடும். கறுப்பு முனையை ஒரு கிளிப்பில் கிரவுண்டோடு மாட்டிவிட்டு, சிவப்பை மட்டும் கையில் பிடியுங்கள்.

8. தொட்டுப் பார்த்தா ஒரு ஐசி கொதிக்குது. அதுதானே போச்சு?

எந்த ஐசி என்பதைப் பொறுத்தது. விக், சவுண்டு சிப், பிஎல்ஏ (அது என்ன என்று அடுத்த கேள்வியில்) மூன்றும் நல்ல நிலையிலேயே சூடாக இருக்கும். ராம் அப்படி இல்லை, வெதுவெதுப்பாக இருந்தால் சரி. எட்டில் ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாமல் சுட்டால் அது போய்விட்டது, வாதமே இல்லை.

ஆனால் சுடாத ராம் எல்லாம் நல்ல ராம் என்று அர்த்தமில்லை. உள்ளே அறுந்துபோன சிப் ஜில்லென்று இருக்கும். விரல் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும், யாரையும் விடுதலை செய்யாது.

9. கறுப்புத் திரைன்னாலே பிஎல்ஏ-தான்னு எல்லாரும் சொல்றாங்களே?

பலமுறை அதுதான். ஆனால் கறுப்பு எதைச் சொல்கிறது என்று புரிந்துகொண்டால் ஊகிக்க வேண்டிய தேவை குறையும். டிவி சிக்னலைப் பிடித்துக்கொண்டு அசையாத கறுப்பைக் காட்டினால் விக் உயிரோடு இருக்கிறது, கடிகாரமும் ஓடுகிறது. மின்சாரம் வந்ததும் அது கறுப்பாகத்தான் நிற்கும். நீலம் பூசு, எழுத்துப் போடு என்று ப்ராசசர் வந்து சொல்ல வேண்டும். அதாவது வேலைக்காரர் தயாராக நிற்கிறார், வேலை சொல்ல வேண்டியவர் வரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

பிஎல்ஏ, யூ17, வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி. ப்ராசசர் ஒரு முகவரியைக் கேட்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது ராமா, நிரல் சிப்பா, விக்கா என்று தீர்மானித்து ஒரு கதவை மட்டும் திறப்பது அதன் வேலை. அது தப்பாகத் திறந்தால் ப்ராசசர் முதல் உத்தரவிலேயே தொலைந்துபோகும். சூட்டில் கிடந்து அடிக்கடி சாவதும் இந்தச் சிப்தான், அதனால்தான் அந்தப் பேர். ஆனால் ராம் போனாலும், கெர்னல் என்ற நிரல் சிப் போனாலும், ப்ராசசரே போனாலும் அதே கறுப்புதான் வரும். பிஎல்ஏ-வை ரிச்சி தெருவில் கேட்டால் சிரிப்பார்கள், வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். இப்போது செய்கிற மாற்றுப் பலகைகள் பழையதைவிட ஜில்லென்று ஓடுகின்றன. கழற்றி எடுத்த பழைய பிஎல்ஏ வாங்குவதில் அர்த்தமில்லை.

10. வீடியோ பார்த்து எல்லா கெப்பாசிட்டரையும் மாத்திட்டேன். இன்னும் கறுப்புதான்.

ஆமாம், இருக்கும். இந்த மெஷினில் கெப்பாசிட்டரால் திரை கறுப்பாவது அபூர்வம். மாற்றியது தப்பில்லை. ஆனால் ஏதாவது ஒன்றைப் பிளஸ் மைனஸ் மாற்றி வைத்திருக்கிறீர்களா என்று இப்போதே போய்ப் பாருங்கள்.

11. டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ்னு ஒண்ணு சொல்றாங்க. அது எதுக்கு?

செத்தது போலக் கிடக்கும் மெஷினுக்காகவே செய்த கார்ட்ரிட்ஜ். சாதாரண கார்ட்ரிட்ஜ்கள் மெஷின் ஓரளவு எழுந்த பிறகு வேலை செய்பவை. இது கெர்னலை ஓரம் கட்டிவிட்டு, ப்ராசசர் முதலில் பார்க்கும் இடத்திலேயே தன் நிரலை வைக்கிறது. ராம் கெட்டிருந்தாலும் ஓடும்.

மாட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டதும் சில நொடி கறுப்பாகவே இருக்கும், பொறுங்கள். ராமில் கோளாறு இருந்தால் திரை விட்டுவிட்டு மின்னும். எத்தனை முறை என்று எண்ணி, அதற்குரிய அட்டவணையில் பார்த்தால் எட்டில் எது என்று தெரியும். மின்னாமல் சோதனைத் திரையே வந்துவிட்டால் அடிப்படை ராம், ப்ராசசர், விக் எல்லாம் பரவாயில்லை. அப்போது கெர்னலைச் சந்தேகப்படலாம். எப்போதும் அணைத்துவிட்டு மாட்டுங்கள், அணைத்துவிட்டுக் கழற்றுங்கள்.

12. ராம் மேலயே இன்னொரு ராமை வெச்சு அமுக்கினா தெரிஞ்சிடுமாமே?

தெரியலாம். நல்ல 4164 ஒன்றின் கால்களைக் கொஞ்சம் உள்ளே வளைத்து, மெஷின் அணைந்திருக்கும்போது, பள்ளம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி சந்தேகமான சிப்பின் மேல் ஏற்றி உட்கார வைத்து, பிறகு சுவிட்சைப் போட வேண்டும். திரை வந்தால் அடியில் இருப்பது போய்விட்டது.

திரை வரவில்லை என்றால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. கீழே இருப்பது உள்ளே அறுந்திருந்தால்தான் மேலே இருப்பது பேச முடியும். அது ஒரே பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் மேலே எத்தனை வைத்தாலும் பயனில்லை. 4-ஆம் கேள்வியின் அடாப்டர் செய்த வேலை என்றால் இரண்டு மூன்று சிப் ஒன்றாகவும் போயிருக்கும்.

13. கேம் கார்ட்ரிட்ஜ் ஓடுது, ஆனா அது இல்லாம போட்டா வெறும் திரை.

நல்ல செய்தி. குற்றவாளி பேசிக் என்ற நிரல்மொழி இருக்கும் நிரல் சிப், யூ3. பல கேம் கார்ட்ரிட்ஜ்களுக்குப் பேசிக் தேவையே இல்லை, அதனால் அவை ஓடுகின்றன. அதேபோல் நிறமெல்லாம் சரியாக வந்து, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாகக் குப்பை தெரிந்தால் எழுத்துருச் சிப் யூ5.

14. திரை வந்துடுச்சு, ஆனா 38911-க்குப் பதிலா வேற ஏதோ நம்பர்.

ராம். 38911 எங்கிருந்து வருகிறது என்றால், பேசிக் நிரலுக்கான இடம் 2049-இல் தொடங்கி 40960-க்கு முன்னால் முடிகிறது, கழித்துப் பாருங்கள். எழும்போது மெஷின் ராமில் ஒவ்வோர் இடமாக எழுதிப் படித்துப் பார்த்துக்கொண்டே போகும். படித்தது பொருந்தாத முதல் இடத்தில் நின்று, “இவ்வளவுதான் இருக்கிறது” என்று அறிவித்துவிடும். அதே கோளாறு ராமின் முதல் சில நூறு பைட்டுகளில் இருந்தால் எண்ணுவதற்குக்கூட எழ முடியாது, கறுப்புதான்.

15. பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் கறுப்பாயிடுது. ஆற வெச்சா மறுபடி ஓடுது.

சூட்டில் தடுமாறும் சிப். பிஎல்ஏ, ராம், விக் என்ற வரிசையில் சந்தேகப்படுவேன். குளிரூட்டும் ஸ்பிரே இருந்தால், கறுப்பான உடனே ஒவ்வொன்றாக அடித்து, அணைத்துப் போட்டுப் பாருங்கள். எதற்கு அடித்தால் எழுகிறதோ அதுதான். அதற்கு முன் 5 வோல்ட்டையும் அந்தப் பத்தாவது நிமிடத்தில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

சில மெஷின்களில் போர்டின் மேல் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை ஒன்று மூடியிருக்கும். ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்தது, நடைமுறையில் சிப்புகளுக்குப் போர்த்திய கம்பளி. கழற்றி வைத்துவிடுங்கள்.

16. ஐசி சாக்கெட்ல இல்ல, நேரா சால்டர் பண்ணியிருக்கு. எப்படி எடுக்கிறது?

முதலில் சாக்கெட்டில் இருப்பவற்றைப் பாருங்கள். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் இரு முனையிலும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்து, காலைத் துடைத்து மறுபடி அழுத்துங்கள். சில மெஷின்கள் அதற்கே எழுந்துவிடும்.

சால்டர் செய்தவற்றில், அந்தச் சிப் போனது உறுதி என்றால் சிப்பைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், போர்டைக் காப்பாற்றுங்கள். சிறிய கட்டரால் கால்களை உடம்பை ஒட்டி வெட்டி, உடம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் உருவுங்கள். எட்டுக் காலையும் சேர்த்துச் சூடாக்கி இழுத்தால் செம்புத் தடம் கையோடு வரும். துளையைச் சுத்தம் செய்து சாக்கெட் வையுங்கள்.

சாக்கெட் வைத்த சந்தோஷத்தில் நான் ஒரு 4164-ஐத் திருப்பிச் செருகினேன். 8-உம் 16-உம் இடம் மாறினால் என்ன ஆகும் என்று 7-ஆம் கேள்வி படித்தவர்களுக்குப் புரியும். திரை வரவில்லையே என்று விரலை வைத்தேன். மூன்று நாள் அந்த விரலால் டைப் அடிக்க முடியவில்லை.

17. பிஎல்ஏ மாத்தியாச்சு, ராம் மாத்தியாச்சு, டெட் டெஸ்ட்டும் கறுப்பு. இனி என்ன?

இனி மாற்றுவதை நிறுத்திவிட்டு ப்ராசசரிடம் கேளுங்கள். யூ7-இன் 40-ஆம் கால் ரீசெட். சுவிட்சைப் போட்டதும் சிறிது நேரம் பூஜ்யத்தில் இருந்து, பிறகு 5 வோல்ட் அருகே ஏறி நிற்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் ரீசெட்டுக்கான 556 டைமர் பக்கம் போங்கள். 39-ஆம் கால் ப்ராசசர் வெளியே விடும் கடிகாரம், நொடிக்குச் சுமார் பத்து லட்சம் துடிப்பு. மல்ட்டிமீட்டர் அதைப் பிடிக்காது, ஆனால் சராசரியாக 0-க்கும் 5-க்கும் நடுவில் ஏதோ காட்டும். அசையாத பூஜ்யமோ அசையாத 5-ஓ என்றால் துடிப்பு இல்லை.

இரண்டும் சரியென்றால் காலில் துடிப்பு இருக்கிறதா என்று காட்டும் லாஜிக் ப்ரோப் ஒன்று வாங்கிவிடுங்கள், ஆஸிலோஸ்கோப் வரை போக வேண்டாம். முகவரிக் கால்கள் 7 முதல் 20 வரை, அப்புறம் 22, 23. எல்லாம் துடித்தால் ப்ராசசர் ஓடுகிறது, ஆனால் கிடைப்பது குப்பை. ஒன்று மட்டும் கல்லு மாதிரி நின்றால் அந்தக் கம்பியை யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சாக்கெட்டில் இருந்தால் சவுண்டு சிப் யூ18-ஐக் கழற்றிவிட்டுப் பாருங்கள், அது இல்லாமலே மெஷின் எழும். கீபோர்டைக் கவனிக்கும் சிப் யூ1-ஐயும் கழற்றலாம், எழுந்தாலும் சதுரம் மினுக்காது, அவ்வளவுதான். கழற்றியதும் திரை வந்தால் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

எட்டு ராமும் கெட்டது என்று தோன்றினால் ராமை மாற்றுவதற்கு முன் அவற்றுக்கு முகவரி அனுப்பும் இரண்டு 257 சிப்புகளைப் பாருங்கள், யூ13-உம் யூ25-உம். அதில் ஒன்று போனால் எட்டும் பொய் சொல்வதுபோல் தெரியும். இதை நான் கற்றுக்கொண்டது எட்டையும் மாற்றி முடித்த பிறகு.

18. வந்துடுச்சு சார்! நீலத் திரை! மூடிடலாமா?

ஒரு மணி நேரம் திறந்தபடியே ஓடட்டும். நடுவில் இரண்டு முறை 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். அப்புறம் மூடி, மூன்று திருகையும் போடுங்கள். மூடியதும் முதல் வேலையாகப் பழைய அடாப்டரின் வயரை வெட்டிவிடுங்கள்.

ஒருவர், ஒரிஜினல் ஆச்சே என்று வெட்ட மனம் வராமல் அதே பெட்டிக்குள் போட்டு வைத்தார். லீவுக்கு வந்த தங்கை மகன் எடுத்துச் செருகியிருக்கிறான். போன வாரம் போன் வந்தது: “சார், லைட் எரியுது, ஆனா…”